பிந்தி வந்த கைகள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், ஆம்பூரில் என் அக்கா மகள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், அவளுக்குப் பக்கத்து மெஷினில் இருந்த பெண்ணின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. தையல் ஹாலில் நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வலிக்கவில்லை. அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். தோல் பீஸில் ரத்தம் படர்வதைப் பார்த்து "அக்கா, கை, கை!" என்று கத்தி மெஷினை நிறுத்தியவள் என் அக்கா மகள்.

அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு மாதமாகவே விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. ராத்திரியில் கை எரிகிறது என்று எழுந்து உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். இரண்டு மூன்று கிளினிக்குகளில் காட்டியிருக்கிறாள். சத்து ஊசி போட்டார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒருவரும் ஒன்றைக் கேட்கவில்லை. ஊசி இறங்கிய பிறகு போன இடத்தில்தான் ஒரு மருத்துவர் அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா வேலை பார்க்கிறே?" என்று கேட்டார். நாளெல்லாம் மணிக்கட்டை மடக்கித் தோலை ஊசிக்குத் தள்ளித் தள்ளி, அங்கே ஓடும் நரம்பு நசுங்கியிருந்தது. கார்ப்பல் டன்னல் என்கிறார்கள். இந்த ஊரில் அதற்குப் பெயர் கை மரப்பு, அவ்வளவுதான்.

துணைக்குப் போயிருந்த என் அக்கா மகள் அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாள். நான்கைந்து நாள் பேசாமலே இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "மாமா, நான் நீட் எழுதலாம்னு இருக்கேன்."

"எழுதேன்" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க மாமா. இருபத்தாறு ஆச்சி எனக்கு. என்கூடப் படிச்சதுல ஒருத்தி ஹவுஸ் சர்ஜனே முடிச்சிட்டா. நான் இப்பதான் விலங்கியல் புக்கத் தொறக்கப் போறேன்னா ஊரு சிரிக்காதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஊர் சிரிக்கும். அவள் அம்மா, என் அக்கா, அழுவாள். வரன் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. மகளிர் குழுக் கடன் வாராவாரம் வந்து நிற்கும். அவளுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் பாலாற்றங்கரையில் மருத்துவம் என்றால் வேலூர், வேலூர் என்றால் சி.எம்.சி. காட்பாடியில் ரயில் விட்டு இறங்கும் வங்காளிக் குடும்பங்களிடம் கேட்டால் தெரியும் அந்தப் பெயரின் எடை. அந்த மருத்துவமனையின் கதையைத் தொடங்கிவைத்தவரும், அதன் கதையில் மிகப் பெரிய அத்தியாயம் ஒன்றை எழுதியவரும் மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்று முதலில் மறுத்துவிட்டுப் பிந்தி வந்தவர்கள்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் மிஷன் மருத்துவர்கள். பஞ்ச காலத்துக் குழந்தைகளைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். இந்தியா வேண்டாம், மிஷன் வேண்டாம் என்று அமெரிக்காவில் படித்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கொஞ்ச காலத்துக்குத் திண்டிவனம் வந்தவரின் கதவை ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்துத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஐடாவின் அப்பா மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வரக் கூடாது என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தக் கதை வேலூரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மறுநாளே கப்பல் ஏறி மறுநாளே டாக்டராகத் திரும்பிவிடவில்லை அவர். சில ஆண்டுகள் திண்டிவனத்திலேயே அம்மாவுக்குத் துணையாக இருந்தார், பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895-இல். கார்னெலில் பட்டம் வாங்கியது 1899-இல், 28 வயதில்.

1902-இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922-இல் அதிலிருந்து 14 பெண்கள் எல்.எம்.பி. பட்டயம் பெற்று வெளியே வந்தார்கள். பிறகு சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பு இனி வேண்டாம், பட்டப் படிப்புதான் என்று முடிவெடுத்தபோது பள்ளியே மூடப்படும் நிலை. 70 வயதில் ஐடா மீண்டும் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். எம்.பி.பி.எஸ். வந்தது. 1960-இல் அவர் இறந்தார்.

என் அக்கா மகளுக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது ஐடாவின் கதையைத்தான். அதை விட்டுவிட்டேன். அவளுக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். கையால் பிழைத்த ஒருவர்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் முறையான மருத்துவப் பட்டம் இல்லாமலே மலைவாழ் மக்களுக்கு வைத்தியம் பார்த்த மிஷனரி. வீடு கட்டுவார், பல் பிடுங்குவார், நரம்புச் சிலந்திப் புழுவால் வந்த கட்டிகளைக் கீறிச் சீழ் எடுப்பார். பக்கத்தில் நின்று பார்த்த சிறுவனுக்கு அந்தச் சீழும் ரத்தமும் குமட்டியது. ஒன்பது வயதில் அவனைப் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். 1929-இல் மலையிலேயே காய்ச்சலில் அப்பா இறந்தார். உறவினர் ஒருவர் மருத்துவம் படிக்கச் செலவை ஏற்கிறேன் என்று சொல்லியும் பையன் மறுத்துவிட்டான். பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் கட்டட வேலைக்குப் பயிற்சியாளாகச் சேர்ந்தான். ஐந்து ஆண்டுகள். தச்சு, கல்வேலை, செங்கல் வேலை. அப்பாவைப் போல இந்தியாவில் போய்க் கட்டடம் கட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

காட்டு ஊர்களுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் முதலுதவியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று லண்டனில் ஓராண்டுப் பயிற்சி. அங்கே ஒரு மருத்துவமனையில் ஓர் இரவு, ரத்தமெல்லாம் வடிந்து மெழுகுப் பொம்மை போல ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தச்சு இளைஞனின் கண்ணெதிரே அவள் கன்னத்தில் நிறம் வந்தது, கண் திறந்தது, தண்ணீர் கேட்டாள். எந்த ரத்தத்தைக் கண்டு குமட்டியதோ அதே ரத்தம். 1937-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு 23 வயது. பள்ளியிலிருந்து நேரே வந்த பிள்ளைகள் நடுவே ஐந்து வருடம் சாந்து குழைத்துவிட்டு வந்த ஒருவர்.

1946 கடைசியில் வேலூருக்கு வந்தார். எலும்பு அறுவை மருத்துவர். தொழுநோயில் தேர்ந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப்போனார். மடங்கிக் கொக்கி போலாகிவிட்ட கைகள், வரிசை வரிசையாக. பிராண்ட் ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினார் அவர், பிராண்டுக்கு வலி பொறுக்கவில்லை. செத்த கை என்று உலகம் ஒதுக்கிய கைக்குள் அவ்வளவு பலம் இருந்தது. முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. நல்ல தசையின் நாண் ஒன்றை இடம் மாற்றிக் கட்டினால், இழந்த தசையின் வேலையை அது செய்யும். 1940-களின் இறுதியில் வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. தொழுநோய்க் கைகளுக்கு இப்படி மறுசீரமைப்பு செய்ய முடியும் என்று உலகுக்குக் காட்டியது இந்த ஊர்தான்.

இதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். அந்தக் கையைக் கண்ட மருத்துவர்கள் அதற்கு முன்பும் உண்டு. அவர்கள் நோயைப் பார்த்தார்கள். பிராண்ட் ஒரு கட்டுமானத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எந்தக் கயிறு இழுக்கிறது, எது தொய்ந்திருக்கிறது, பாரம் எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் கூரை மேய்ந்தவனின் கேள்விகள்.

கை சரியானவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே. 1951-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடில்களாக நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே மருத்துவர் பழையபடி தச்சரானார். நோயாளிகளுக்கு மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். அங்கேதான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு உறுதிப்பட்டது. உணர்ச்சி இல்லாத கை சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறது, கொப்புளம் வருகிறது, வலிக்காததால் மறுநாளும் அதே கொப்புளத்தின் மேல் சுத்தியல். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; வலி தெரியாமல் போவதால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன. கருவிகளின் பிடிகளை மாற்றினார்கள். தினமும் மாலையில் ஒவ்வொருவரும் தன் கையைத் தானே பார்த்துக் காயம் தேட வேண்டும் என்று பழக்கினார்கள். தச்சுப் பட்டறையில் நின்றறியாத ஒரு மருத்துவருக்கு ஒரு சுத்தியல் கையை எத்தனை அழுத்துகிறது என்று தெரிந்திருக்குமா?

அடுத்தது கால். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் விசேஷமாகப் புரியும். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வந்தால் ஆறாது, நடக்க நடக்க ஆழமாகும். செருப்புதான் மருந்து. எது வெட்டாது, எது பாரத்தைப் பரப்பும், ஆணி இல்லாமல் எப்படிச் செய்வது என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கிய ஆராய்ச்சி மருத்துவமனை எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புக்கு முன்னோடியாக நின்றது. இன்று நீரிழிவுக்காரர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளும் செருப்பும் அந்த வம்சம்தான். ஐரோப்பாக்காரர்களின் கால்களுக்கு இங்கே நாங்கள் ஷூ தைத்து அனுப்புகிறோம். எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவமனை, வலி தெரியாத கால்களுக்குச் செருப்பு தைத்தது. பிராண்ட் 1966-இல் அமெரிக்கா போனார், 2003-இல் இறந்தார்.

அந்தக் காலத்து வேலூரில் இன்னொருவரும் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் ஒரு விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனது. மகப்பேறு மருத்துவராக நினைத்திருந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் ஒரு புனர்வாழ்வு நிலையத்தை உருவாக்கினார். முப்பதை ஒட்டிய வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர்.

இவர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னால் என் அக்கா மகள் என்ன கேட்பாள் என்றும் தெரியும். "அவங்களுக்கெல்லாம் படிக்க வெக்க ஆள் இருந்திச்சி மாமா." உண்மை. ஐடா மறுத்தார், பிராண்ட் மறுத்தார். மறுப்பதற்கு முதலில் யாராவது கொடுக்க வேண்டும். அவளிடம் யாரும் வந்து நீ மருத்துவம் படிக்கிறாயா என்று கேட்டதில்லை. அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்து அவள் பிளஸ் டூ முடித்தது 2017-இல். அது எந்த ஆண்டு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பிப் படித்த பிள்ளைகள் தலையில் நீட் இறங்கிய ஆண்டு. 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை நாம் இழந்தது அந்த செப்டம்பர் முதல் தேதி. இவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஜூலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். அவள் பிந்தியது ஒரு தீர்மானத்தால் நடந்ததில்லை. வீட்டுக்குச் சோறு வேண்டியிருந்தது.

பிந்தி வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையில் சரி. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் மறுமுறை எழுதிச் சேர்ந்தவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. பத்தில் ஏழு பேர் ஓராண்டோ இரண்டாண்டோ பிந்தித்தான் வருகிறார்கள். அந்த ஆண்டுகள் எங்கே போயின? பெரும்பாலும் கோச்சிங் சென்டரில், 180 கேள்விகளை மூன்று மணி நேரத்தில் முடிக்கும் பழக்கத்தில். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் குறையில்லை, அவர்களும் பாவம். ஆனால் நம் தேர்வு முறைக்கு ஒரு தாமதம்தான் தெரிகிறது: பணம் கட்டிக் காத்திருக்கும் தாமதம். தையல் ஹாலில் கழிந்த எட்டு வருடத்துக்கு அதில் அரை மதிப்பெண்கூட இல்லை.

சட்டம் வழியை மறிக்கவில்லை. பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்றிருந்த வயது உச்சவரம்பை 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022 ஜனவரியில் அந்த ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு 61 வயதில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து நின்றார். நீட்டில் தேறியிருந்தார். மருத்துவராக இருந்த அவருடைய மகன், ஓர் இளைஞனுக்கு அந்த இடம் நாற்பது வருடம் பயன்படும் என்று சொல்ல, விட்டுக்கொடுத்துத் திரும்பினார். செய்தியைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. மகன் சொன்னது கணக்குப்படி சரி. அந்த மனிதர் இளமையில் எந்த வாசலில் நின்று திரும்பினார் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு என்பது அறுபத்தொன்று இல்லை. நான்கரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்குக் குறையாமல் அவள் நோயாளி பார்ப்பாள். எந்த நோயாளியை? நான் ஆசைப்படுவது அதைத்தான். 1700-இல் இத்தாலியில் பெர்னார்தினோ ராமசினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோல் பதனிடுவோரும் அதில் உண்டு. நோயாளியிடம் பழைய மருத்துவர்கள் கேட்கச் சொன்ன கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உன் தொழில் என்ன என்று கேளுங்கள் என்றார். முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் ஆம்பூரில், வாணியம்பாடியில், பேரணாம்பட்டில், ராணிப்பேட்டையில் அந்தக் கேள்வி இன்னும் எத்தனை கிளினிக்குகளில் கேட்கப்படுகிறது? குரோமியம் பட்டு வரும் தோல் புண் பல நேரம் வலிப்பதே இல்லை. வலிக்காத புண்ணை யார் காட்ட வருவார்கள்? நாள் முழுக்க சொல்யூஷன் வாடையில் நிற்பவளுக்குத் தலைவலி ஏன் வருகிறது? டார்கெட் முடியாமல் எழ முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பவளுக்கு நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தோல் கழிவால் கெட்ட பாலாற்றைக் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்த ஆற்றங்கரையில் தோலும் குரோமும் தொடும் கைகளைப் பற்றி ஆற அமர உட்கார்ந்து கேட்ட மருத்துவர்கள் கொஞ்சம் பேர்தான். என் அக்கா மகள் ஒருத்தியின் கையைப் பார்த்ததும், கட்டிங்கா, ஸ்டிச்சிங்கா, லாஸ்டிங்கா என்று கேட்பாள். புத்தகத்தில் படித்து அல்ல. அந்த லைனில் உட்கார்ந்து எழுந்தவள் என்பதால்.

அவள் இப்போது பேசத் தொடங்கிவிட்டாள். ராத்திரி பத்துக்கு மேல் புத்தகம் எடுக்கிறாள். இயற்பியல்தான் உதைக்கிறது என்கிறாள். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. வயதைப் பற்றி அக்கா பேசுவதேயில்லை என்பதைக் கவனித்தேன். ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்: இவள் சம்பளம் நின்றால் மாசம் எப்படிப் போகும்? அரசு கட்டணம் கட்டும். இவள் அப்பாவின் மாத்திரைக்கு யார் கட்டுவார்கள்?

இந்தத் தோல் பூமியின் முதலாளிகளுக்கு ஒரு நல்ல மரபு உண்டு. வாணியம்பாடியில் 1919-இலேயே இஸ்லாமியா கல்லூரி வந்துவிட்டது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965 முதல் கல்லூரி நடக்கிறது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் கட்டாத தோல் குடும்பம் குறைவு. அவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன். இனிக் கட்டடம் வேண்டாம். உங்கள் லைனில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் மருத்துவத்துக்கோ நர்சிங்குக்கோ இடம் வாங்கிவிட்டால், அவள் படித்து முடிக்கும்வரை அவள் சம்பளத்தில் பாதியாவது அவள் வீட்டுக்குப் போகட்டும். வேலையிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். நீட் பெரும்பாலும் மே மாத முதல் ஞாயிறில் வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதம் அவளை ஓவர்டைமுக்கு நிறுத்தாதீர்கள்.